வெள்ளை அங்கி

ஆயில் ஃபில்டரை மாற்ற, சிஸ்டர் ஜெசிந்தா பழைய விரிப்பைப் போட்டு, வெள்ளை அங்கியோடு காருக்கு அடியில் நுழைந்தார். மடத்தின் தலைவி மதர் லெயோனி கார் சாவியைக் கையில் இறுக்கியபடி படியில் நின்றார்.

"போன தடவ ஆயர் வந்தப்ப கரிச்சட்டி மாதிரி நின்னீங்க. இன்னைக்கு அங்கியில ஒரு சொட்டு பட்டாலும் டிரைவர் வச்சிடுவேன். அப்புறம் நீங்க வண்டியத் தொடக் கூடாது."

"படலேன்னா சாவி எனக்குத்தானே, மதர்?"

பழைய ஆயில் ஏற்கெனவே தட்டில் வடிந்திருந்தது. ஜெசிந்தா ஃபில்டருக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, பையோடு சேர்த்துத் திருகினார். ஃபில்டர் கழன்று மிச்ச ஆயிலோடு பைக்குள் விழுந்தது. புதியதைக் கையாலேயே இறுக்கினார்.

வெளியே வந்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். மதர் முதுகைப் பார்த்தார், முழங்கைகளைத் தூக்கிப் பார்த்தார். நம்பிக்கை வராமல் பையை வாங்கிப் பிரித்தார்.

"எல்லாம் இதுக்குள்ளயா இருக்கு?"

"பாத்து, மதர்."

மதரின் வெள்ளைக் கைமடிப்பில் ஒரு கறுப்புப் பொட்டு மெல்லப் பரவியது. ஜெசிந்தா அதைக் கவனிக்காதவர் போலச் சாவிக்குக் கையை நீட்டினார்.