மூணாவது மாசம்

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போயாகணும். யாருன்னு நீங்களே பேசி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. போறவங்களுக்கு ஒரு தொகை குடுப்போம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அம்மா போய்விட்டார்.

கடைத் தராசுகளை ரிப்பேர் பண்ணும் கம்பெனி அது. அந்த மேஜையில் இருந்ததே ரெண்டு பேர்தான். சின்னவர் பேர் அவசரம், பெரியவர் பேர் கொட்டாவி. நிஜப் பேரெல்லாம் சம்பளச் சீட்டோடு சரி.

கொட்டாவிக்குக் கொஞ்ச நாளாகத்தான் அந்தப் பேர். வந்து உட்கார்ந்ததுமே 'ஆ'வென்று வாயைப் பிளப்பார். எடைக்கல்லைத் தட்டில் வைக்கும்போதே கண் சொருகும்.

"ராத்திரியெல்லாம் அந்த ஆளு என்னதான் பண்றாரோ! அவரை வச்சுக்கிட்டு என்னை அனுப்பிடுவாங்களா?" என்று வீட்டில் வந்து பொருமினார் அவசரம்.

"ஏங்க, நீங்கதானே போறேன் போறேன்னு குதிச்சீங்க?" என்றாள் மனைவி. "சலூன் வைக்கப் போறேன்னு கத்தரி, சீப்பு, மெஷின் எல்லாம் வாங்கிப் பெட்டியில பூட்டி வச்சிருக்கீங்களே. இப்ப அவங்களே பணம் குடுத்து அனுப்புறாங்க. கிளம்புங்க."

"திடீர்னு சொன்னா எப்படி?"

"சரி, பாப்பாவுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணும்னு கேட்டேனே. அதாவது நடக்குமா?"

"வேலையே நிச்சயமில்லாதப்ப இன்னொரு குழந்தையா?"

"வேலை நிச்சயமா இருந்தப்ப, சலூன் வச்சப்புறம்னீங்க."

"பார்க்கலாம்."

ஊரில் இருக்கிற தராசையெல்லாம் நேராக்குகிற மனுஷர், தன் வீட்டு விஷயத்தில் மட்டும் எந்தப் பக்கமும் சாயமாட்டார். இவருக்குப் போய் அவசரம் என்று பேர் வைத்தவனைச் சொல்லணும்!

மறுநாள் கொட்டாவியே பேச்சை எடுத்தார். "என்னப்பா, யாரு போறது?"

அவசரம் முந்திக்கொண்டார். "அண்ணே, என் வீட்டுக்காரி முழுகாம இருக்கா!"

வாயை விட்டு வந்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"அட! எத்தனை மாசம்?"

"மூ... மூணு."

கொட்டாவி, வந்துகொண்டிருந்த கொட்டாவியைப் பாதியிலேயே விழுங்கினார். அவசரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழுந்து மேனேஜர் அறைக்குப் போனவர், வந்து உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"நான் போறேன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் கையெழுத்துப் போடணுமாம்."

அன்று சாயங்காலம் அவசரம் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "அந்த ஆளு தானாவே போறாரு. தூங்குறதுக்கு வீடுதான் வசதின்னு புரிஞ்சிருக்கும்!"

சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் வாசல் மணி அடித்தது. மனைவி திறந்தாள். போர்வையில் சுற்றிய எதையோ தூக்கிக்கொண்டு கொட்டாவி நின்றார்.

"ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. மூணாவது மாசமாமே, வீட்டுக்காரர் சொன்னாரு. குமட்டல் எல்லாம் எப்படி இருக்கு?"

மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இப்பத்தாண்ணே ஆரம்பிக்குது" என்றாள்.

கொட்டாவி போர்வையை விலக்கினார். உள்ளே ஒரு தராசு. தட்டு இருக்க வேண்டிய இடத்தில் தொட்டி மாதிரி ஒன்று, அதில் குட்டி மெத்தை.

"குழந்தையை எடை போடுறதுக்கு. பழைய கடைத் தராசுல நானே பண்ணினேன். வச்சுக்கோம்மா."

அவசரத்துக்கு நெஞ்சு உறுத்தியது. ஏதாவது குறை சொன்னால் தேவலாம் போல இருந்தது. "எடைக்கல்லுன்னா அசையாம இருக்கும். குழந்தை கையைக் காலை உதைச்சா நம்பர் நிக்காதேண்ணே. சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"வேளாவேளைக்குச் சோதிச்சிருக்கேன்பா. என் பொண்ணை வச்சு."

"பொண்ணா?"

"குறைமாசத்துல பிறந்துட்டா. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தா. ராத்திரியெல்லாம் எழுப்பி எழுப்பிப் பால் குடுத்து எடை பார்க்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தேறட்டும், அப்புறம் வெளியில சொல்லலாம்னு யார்கிட்டயும் மூச்சு விடலை. இப்ப கன்னமெல்லாம் வந்தாச்சு. இனிமே எடை பார்க்க வேண்டாமாம்."

"கைக்குழந்தையை வச்சுக்கிட்டா வேலையை விட்டீங்க?" என்றாள் மனைவி.

"என்னோடது கைக்கு வந்து சேர்ந்துடுச்சும்மா. உன்னோடது இன்னும் வயித்துல இருக்கே. மாசமா இருக்கிற பொண்ணு கவலைப்பட்டா என்ன ஆகும்னு நான் பார்த்துட்டேன்." சொல்லிவிட்டு வாய் நிறைய ஒரு கொட்டாவி விட்டார்.

வெட்கத்தில் அவசரத்தின் காது இரண்டும் சிவந்துபோயின.

மனைவி உள்ளே போனாள். கத்தரியும் சீப்பும் மெஷினும் பூட்டிக் கிடந்த பெட்டியைத் தூக்கி வந்தாள். அலுங்காமல் அந்தக் குட்டி மெத்தை மேல் படுக்க வைத்தாள்.

"பிறந்தாச்சு. எடையைப் பார்த்துக்கோங்க. காலையில முதல் வேலையா மேனேஜர் அம்மாகிட்ட, போறது நான்தான்னு நீங்களே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க!"