தேதி தாண்டிய பாட்டில்

"நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்குப் போவப்போறேம்மா. நடந்தத நானே சொல்லிடறேன்."

பஞ்சாட்சரம் வாசற்படியில் நின்றபடியே இதைச் சொன்னார். தறியில் உட்கார்ந்திருந்த வடிவு கையை நிறுத்தவில்லை.

"எதுக்குண்ணா இப்ப அதெல்லாம்? முடிஞ்சது முடிஞ்சு போச்சு" என்றாள்.

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவுக்கு மளிகைக்கடை என்றால் பஞ்சாட்சரத்தின் கடைதான். பாக்கெட்டுகளில் தேதி அச்சடித்து வர ஆரம்பித்த நாளிலிருந்தே அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. புதுச் சரக்கை விற்பதற்காகக் கம்பெனிக்காரன் செய்கிற வேலை அது என்பார். தேதி தாண்டிய பிஸ்கட்டை அவரும் மனைவி பூவம்மாளும் வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறார்கள். ஒரு வயிற்று வலிகூட வந்ததில்லை. கடையிலும் அப்படியே விற்றார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் வடிவு வந்து மாம்பழ ஜூஸ் கேட்டாள். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேதி தாண்டிவிட்ட மாதிரி இருக்கிறதே என்று கேட்டாள்.

"அதெல்லாம் சும்மாம்மா. தைரியமா எடுத்துக்கினு போ" என்று அவரே பையில் போட்டுக் கொடுத்தார்.

அன்று மத்தியானமே அவள் புருஷன் குரு வாந்தியெடுத்துச் செத்துப்போனான்.

குரு நல்ல நெசவுக்காரன். குடித்துவிட்டு வந்தால் மட்டும் அந்த வீட்டுச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். தெருவுக்கு அது பழகிப்போயிருந்தது. அதனால் அன்றைய அலறலுக்கும் யாரும் உடனே எழுந்து ஓடவில்லை. ஓடியபோது அவனுக்கு உயிர் இல்லை. பக்கத்தில் காலி பாட்டில் உருண்டு கிடந்தது. யாரோ அதை எடுத்துத் தேதியைப் படித்தார்கள். அவர்களுடைய சின்னஞ்சிறு மகள் ரேவதி அதைக் குடிக்காமல் தப்பினாளே என்று பெண்கள் அவளை வாரி அணைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் பஞ்சாட்சரத்தின் கடைக்கு வந்தது. பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். போலீசைக் கூப்பிட ஒருவன் சைக்கிளை எடுத்தான். வடிவுதான் ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். போலீஸ் வந்தால் உடம்பை அறுத்துத்தான் கொடுப்பார்கள், செத்தும் அவருக்கு அந்தக் கோலம் வேண்டாம், கடைக்கார அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை என்று கும்பிட்டாள். பொழுது சாய்வதற்குள் எரித்து முடித்தார்கள்.

பஞ்சாட்சரம் பழைய சரக்கையெல்லாம் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலம் பொட்டலமாகத் தேதி பார்த்தார். நாள் மீதமிருக்கிற பிஸ்கட்டைக்கூட வாங்க வந்தவர் கையிலிருந்து திரும்பப் பிடுங்கினார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போனாலும் அம்மன் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் பிராகாரத்தோடு திரும்பி வந்தார்.

வடிவு வீட்டுக்கு அரிசி, பருப்பை அவரே தூக்கிக்கொண்டு போய் வைப்பார். அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதும் இல்லை. புருஷனைக் கொன்றவன் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். அப்படியும் தன்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெருந்தன்மைதான் அவரை அறுத்தது. பூவம்மாள் காலைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்காமல் இன்று கிளம்பி வந்துவிட்டார்.

"உள்ள போட்டுடுவாங்கண்ணா. அண்ணி ஒண்டியா இன்னா பண்ணுவாங்க?" என்றாள் வடிவு.

"போடட்டும். தேதி தாண்டினது தெரிஞ்சுதாம்மா குடுத்தேன். நீ கேட்டியே, கேட்டும் குடுத்தேன். இத மனசுல வெச்சிக்கினு என்னால இருக்க முடியல."

"வேணாண்ணா."

"உன்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. பயப்படாத. நடந்தத நடந்தபடி சொல்லு, அது போதும்."

தறி நின்றது. வடிவு எழுந்து வந்து தெருக்கதவைச் சாத்தினாள். முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஜூஸ் நல்லாத்தாண்ணா இருந்துச்சு. மொதல்ல நானும் ரேவதியும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சோம். மீதியிலதான் நான் பூச்சி மருந்தக் கலந்தேன்."