இருவர் கூடாரம்

புதுப்பட்டினத்து வீட்டு சோபாவில் மூன்று பேர்: ரூத், அவள் புருஷன் கிருபாகரன், இருவருக்கும் நடுவில் அவன் அம்மா மார்கரெட். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பி வழியாக மூவர் மடியிலும் கோடு கோடாக விழுகிறது. ரூத்தின் போனில் கொல்லிமலைக் கூடாரங்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. எல்லாம் ஜோடிகளுக்கானவை. "இத்த போடு, அருவி பக்கத்துல கீது" என்று மார்கரெட் விரல் வைக்கிறாள். படத்தில் இதய வடிவ பலூன், மெத்தை நிறைய ரோஜா இதழ், மெழுகுவர்த்தி. "அம்மாவும் வரட்டும், தனியா இன்னா பண்ணும்" என்கிறான் கிருபாகரன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். இருவர் மட்டும் போகும் ஒரு பயணத்தைத்தான் கல்யாணமான நாள் முதல் ரூத் கேட்கிறாள். தேனிலவுக்கு ஏலகிரி போனபோதும் இதையேதான் சொன்னான். அங்கே அம்மாவும் பிள்ளையும் கட்டிலில் படுத்தார்கள். ரூத் தரையில் படுத்து இரண்டு குறட்டைகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரூத் நிதானமாகப் பெயர்களை அடித்துப் பணம் கட்டுகிறாள். போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். கிருபாகரன், மார்கரெட்.

"இன்னாடி இது? உன் பேரு எங்க?"

"ரெண்டு பேருக்குதான் எடம். நைட்டு மெழுகுவத்தி ஏத்திவெச்சி சோறு போடுவானாம். ஜோடியா குந்தி சாப்புடுங்க. கேன்சல் பண்ணா டப்பு வராது."

அவன் முகம் சுண்டிப்போகிறது. ரூத் கண் இமைக்காமல் பார்க்கிறாள். இன்னும் கொஞ்சம் சுண்டட்டும் என்று காத்திருக்கிறாள். மார்கரெட்டுக்கு எதுவும் உறைக்கவில்லை. "அங்க குளுருமாடா கிருபா? எனக்கு ஒரு குல்லா வாங்கிக் குடுடா" என்று எழுந்து செருப்பைத் தேடுகிறாள்.

"கூட்டினு போய்யா, இருட்டறதுக்குள்ள" என்கிறாள் ரூத். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் படியிறங்குகிறான். ரூத் கதவைச் சாத்தி உள்ளே பூட்டுகிறாள்.