இரண்டாவது பிரேக்

கியர் மாற்றப் போன வலது கை கதவில் இடித்துக்கொண்டது.

"கியர் இந்தப் பக்கம் இருக்குங்க தொரை" என்றார் பக்கத்து சீட்டிலிருந்த அப்பா.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கைக்கு மாறினான். கார் இருமிவிட்டு நகர்ந்தது.

வெளிநாட்டில் படித்த காலமெல்லாம் கைச்செலவுக்காக வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன். கொட்டும் பனியில்கூட ஓட்டியிருக்கிறான். ஆனால் அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டிகள் போவது வலப்பக்கம். இங்கே எல்லாம் தலைகீழ். ஊர் திரும்பி வாரக்கணக்கில் ஆகியும், தெருவைக் கடக்கும்போது தலை தப்பான பக்கம்தான் திரும்புகிறது.

அப்பா லேசுப்பட்ட ஆளில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இந்தக் காரில் அவர் காலடியில் இரண்டாவதாக ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் சொதப்பினால் மாஸ்டர் அமுக்குவதற்கு.

இன்றைய பந்தயமே அந்தப் பிரேக்கை வைத்துத்தான்.

நேற்று சாப்பிடும்போது சண்டை. அங்கே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன் என்றான் அவன். அம்மா அழுதாள். "அப்பா முன்ன மாதிரி இல்லடா. ஸ்கூலை நீதான் பாத்துக்கணும்." இதைச் சொல்லிச் சொல்லித்தான் படிப்பு முடிந்ததும் அவனை வரவழைத்திருந்தாள். முன்ன மாதிரி இல்லையென்றால் எப்படி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பாதான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு முடிவு சொன்னார்.

"காலையில என்னை உக்கார வச்சு ஒரு ரவுண்டு போ. பாலம் வரைக்கும் போய்ட்டு வீடு வந்து சேரணும். நடுவுல ஒரே ஒரு தடவை நான் பிரேக்கைத் தொட்டாலும் நீ இங்கயே இருந்து ஸ்கூலைப் பாக்கற. தொடலைன்னா டிக்கெட் போட்டுக்கோ. ஒருத்தரும் தடுக்க மாட்டோம்."

ஆகவே இப்போது அவனுக்கு ஒரு கண் சாலையில், ஒரு கண் அப்பாவின் செருப்பில்.

வழக்கமாக அந்தக் கால் பிரேக்குக்கு மேலே தொங்கிக்கொண்டேயிருக்கும். அதைப் பார்த்தே பழகுகிறவர்களுக்கு வியர்க்கும். இன்று சாதுவாகக் காலடி விரிப்பில் கிடந்தது.

கால்தான் சாது. வாய் ஓயவில்லை.

"கிளட்ச் கதறுது, காலை எடு. எஞ்சின் கெஞ்சறது காதுல விழலையா? மூணாவது போடுடா. இதைத்தான் அங்க காசு கட்டிப் படிச்சியா?"

சந்திலிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது. அவன் பதறி பிரேக்கை மிதித்தான். செருப்பைப் பார்த்தான். அசையவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவுமில்லை.

பாலம் வந்தது. திரும்பியாயிற்று. இனி வீட்டுக்குப் போகிற வழிதான்.

பெட்ரோல் பங்க் முனை. வலது பக்கம் திரும்ப வேண்டும். சாலை காலியாகக் கிடந்தது. பாதி ஜெயித்தாகிவிட்டது என்று மனசு டிக்கெட் போடப் போய்விட்டது. திருப்பத்தைக் கைகளே பார்த்துக்கொண்டன.

அந்தக் கைகள் இன்னும் அங்கேதான் இருந்தன.

வலது ஓரத்தை ஒட்டி அழகாகத் திருப்பி, வலது ஓரத்திலேயே போனான்.

எதிரே ஒரு தண்ணீர் லாரி.

வீடு அளவுக்கு மஞ்சளாக, நேராக, அவன் மூக்குக்கு எதிரே வந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. ஏன் தன் பாதையில் வருகிறான் என்று ஒரு கணம் லாரிக்காரன் மேல்தான் கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது.

அப்பாவின் கால் இப்போது இறங்கும். இறங்கியே தீரும்.

இறங்கவில்லை.

அவனே ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் இடது பக்கம் பாய்ந்து, மண்ணில் வழுக்கி, குலுங்கி நின்றது. லாரி கையெட்டும் தூரத்தில் கடந்துபோனது. கண்ணாடிகளெல்லாம் நடுங்கின.

அப்பா கதவுக்கு மேலிருந்த பிடியை இரு கைகளாலும் பற்றியிருந்தார். செருப்பு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி.

உயிர் போகிற நேரத்தில்கூடத் தொடவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டார். போடா, போய்ப் பிழைத்துக்கொள் என்று விட்டுவிட்டார்.

"அப்பா..."

"யாருக்குடா அந்த ஹாரன்?" என்றார் அப்பா. "நமக்கா?"

கேலி என்றுதான் நினைத்தான். முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. வழி கேட்கிறவரைப் போல அவர் காத்திருந்தார். கண்கள் லாரி வந்த திசையில்தான் இருந்தன, ஆனால் அவை லாரியைப் பார்த்திருக்கவில்லை.

சீசன் இல்லை என்று சொல்லி, பழக வந்த ஆட்களை அப்பா சேர்க்காமல் திருப்பி அனுப்பியது. காலையில் உறையை உருவியபோது கார் மேலிருந்து கொட்டிய தூசி. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து நின்றன.

எப்போது தொட வேண்டும் என்றே தெரியாத ஒரு பிரேக்கின் மேல் மனுஷன் பந்தயம் கட்டியிருக்கிறார்.

"சரி விடு, எவனோ அவசரக்காரன்" என்றார் அப்பா. குரலில் மாஸ்டர் திரும்பியிருந்தார். "இன்னும் கொஞ்ச தூரம்தான். ஜெயிச்சுருவ போலிருக்கே."

"இல்லப்பா. தோத்துட்டேன். நீங்க பிரேக் போட்டுட்டீங்க."

"நானா? நான் காலையே எடுக்கலியேடா."

"போட்டீங்க. நான் பாத்தேன்."

அப்பா பிடியிலிருந்து கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதடா" என்றார்.

எதை என்று அவன் கேட்கவில்லை.