ஏதும் விசேஷம் உண்டா?

நோயாளிகளின் வீட்டுக்குப் போன் செய்யும்போது மாரடைப்பு, மரணம் என்றெல்லாம் கேட்டு யாரையும் பயமுறுத்தக் கூடாது, "ஏதும் விசேஷம் உண்டா?" என்றுதான் கேட்க வேண்டும். இதய ஆய்வு நடத்தும் டாக்டரம்மாவின் உத்தரவு அது. புது முறையில் வால்வைச் சரிசெய்து இரண்டு வருடமாக ஒருவருக்கும் குறை வரவில்லை. இன்று நரிக்குடி சீனிச்சாமி வீட்டில் பேசிவிட்டால் ஆய்வு முடிந்தது.

நர்ஸ் சுபத்ரா போன் போட்டாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். ஏதும் விசேஷம் உண்டா?"

"இருக்கு தாயி."

சுபத்ராவுக்குப் பகீரென்றது. "என்னண்ணே செய்யுது?"

"நாலு நாளா வாந்தி. பச்சத்தண்ணி நிக்கல. நேத்து குழாயடியில மயங்கியே விழுந்தாச்சு."

"ஐயோ! மூச்சு வாங்குதா?"

"மூச்சு நல்லாருக்கு. எனக்கு நெஞ்சுதான் படபடன்னு அடிக்குது. ராத்திரி பூரா தூக்கமில்ல."

"ஆம்புலன்ஸ் அனுப்பச் சொல்றேன். இதுக்கு ஏண்ணே சிரிக்கிறீங்க?"

"சிரிக்காம? ஒரு குடம் தண்ணி தூக்குனா மூச்சு முட்டுனவ. பிள்ளை பெத்தா உசுருக்கே ஆபத்துன்னாக. வால்வைச் சரிபண்ணிட்டு, இனி தைரியமா பெத்துக்கோன்னு உங்க டாக்டரம்மாதான் சொன்னாக. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு எம் பொண்டாட்டி மாரிக்கனி முழுகாம இருக்கா தாயி! ஆம்புலன்ஸ் எதுக்கு? அவளக் காட்டத்தான் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கோம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சுபத்ரா போனை வைத்தாள். டாக்டரம்மா எதிரே நின்றார்.

"நரிக்குடியில ஏதும் விசேஷம் உண்டா?"

"உண்டு டாக்டர்."

டாக்டரம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"ஐயோ, நீங்க சொல்ற விசேஷம் இல்ல டாக்டர். ஊரு சொல்ற விசேஷம்!"