நீல நூல்

பஸ் டிரைவருக்கு முப்பத்தொரு வயது. இந்த வயதில் கணையத்தில் புற்றுநோய் வருவது அபூர்வம் என்று டாக்டர் சொன்னபோது, "லாட்டரி மட்டும் விழ மாட்டேங்குது, டாக்டர்" என்று சிரித்தான். பக்கத்தில் இருந்த மனைவி சிரிக்கவில்லை.

ஸ்கேனில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. கணையத்தின் தலைப்பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும். அந்த அறுவை சிகிச்சையில் டாக்டர் கைதேர்ந்தவள்.

அன்று காலை, தழும்பே இல்லாத அவன் வயிற்றைத் திறந்தாள். உள்ளே கைவைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டியைக் காணோம். கணையத்தின் தலைப்பகுதியே இல்லை. மிச்சம் குடலோடு தைக்கப்பட்டு, பல வருடம் ஆனதுபோல் ஆறி ஒட்டியிருந்தது. நீல நூல் முடிச்சுகள் எல்லாம் இடப்பக்கமாகத் திரும்பியிருந்தன. அந்த ஆஸ்பத்திரியில் இடது கையால் தைப்பவள் அவள் ஒருத்திதான்.

"மேடம், இது உங்க தையல் மாதிரியே இருக்கே," என்றார் உதவி மருத்துவர், மெல்ல.

"இவரை நான் இதுக்கு முன்னாடி தொட்டதே இல்ல."

ஸ்கேனை மறுபடி பார்த்தார்கள். பெயர் சரி, தேதி சரி, கட்டியும் அதில் அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் வயிற்றைத் தைத்து மூடச் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

மனைவி ஓடிவந்தாள். "கட்டி என்னாச்சு மேடம்?"

நடந்ததைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். "எடுத்தாச்சு" என்று வந்தது.

அந்தப் பெண் ஓவென்று அழுது, டாக்டரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெகுநேரம் நின்று தைத்து முடித்த கைபோல, டாக்டரின் இடது கை மட்டும் மரத்துப்போயிருந்தது.