ஆறாத பச்சை

“அவளைக் கேக்காதீங்க. எதுன்னாலும் என்கிட்ட கேளுங்க” என்று சொல்லிக்கொண்டே, மனைவியின் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை அவரே சுருட்டிவிட்டார்.

பச்சை குத்துகிறவள் விளக்கை இழுத்து அந்தக் கைக்கு மேலே தாழ்த்தினாள். முன்கையின் உள்பக்கம் ஓர் ஆணின் பெயர், அதன் கீழே பத்து இலக்கம். பயணப் பெட்டியில் எழுதி ஒட்டுவார்களே, அந்த மாதிரி.

எட்டு நாளைக்கு முன்னால், இவள் லீவில் இருந்தபோது, கடையின் கூட்டாளி குத்திவிட்டது. இவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

“பேரு யாரோடது சார்?”

“என்னோடதுதான். நம்பரும் என்னோடதுதான்.”

இப்படிப் பெயர் சுமந்து வந்த பெண்களை அவளுக்குத் தெரியும். பின்னாளில் அதே பெயரைப் பூவும் இலையுமாக வரைந்து மறைத்துக் கொடுத்ததும் அவள்தான். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கதை இருந்தது, ஒன்றுகூடக் கேட்கிற மாதிரி இல்லை.

கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தாள். தோல் வறண்டு வெடித்திருந்தது. பொருக்கு தானாக உதிரவில்லை, தேய்த்து எடுக்கப்பட்டிருந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவறீங்கம்மா?”

ஐம்பத்தைந்து வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. அனுமதி கேட்பதுபோல் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னிக்கு இன்னும் கழுவலை” என்றாள்.

“காலையிலேருந்து அஞ்சு தடவை ஆச்சு” என்றார் அவர். “நான் அந்தப் பக்கம் திரும்பினா போதும், சோப்பைப் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சுடறா.”

பெயரை அழிக்கப் பார்க்கிறாள் என்று பச்சை குத்துகிறவளுக்குப் பட்டது. ஐந்து தடவை தேய்த்துவிட்டு இல்லை என்கிறாள் என்றால், பயம்தான் அப்படிச் சொல்ல வைக்கிறது.

பெயரைச் சுற்றி இருந்த சிவப்பு நாலு மூலையும் அளந்து வெட்டினதுபோல் நீள்சதுரமாக இருந்தது. உள்ளே சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

“மை ஒத்துக்கலைன்னா எழுத்து மட்டும்தான் தடிக்கும். இது பிளாஸ்டர் பசை பண்ணின வேலை. யாரு ஒட்டினது?”

“நான்தான். சொறியாம இருக்கட்டும்னு. அவ பிய்ச்சுப் போடுவா, நான் மறுபடி ஒட்டுவேன்.”

“இனிமே ஒட்டாதீங்க. காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை கழுவினா போதும். துணியால ஒத்தி எடுத்துட்டு, களிம்பை மெல்லிசாத் தடவுங்க. சீழ் வச்சாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே டாக்டர்கிட்ட போயிடணும். ஆர்ற வரைக்கும் வெயில் படக் கூடாது.”

“அவ எங்க வெளிய போறா? வீட்டைப் பூட்டிட்டுத்தான் நான் கடைக்கே போறேன்.”

பால் வாங்கி வைத்ததைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“சார், வாசனை இல்லாத சோப்பும் இந்தக் களிம்பும் வேணும். கீழ மருந்துக் கடையில இருக்கும்” என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

அவர் தயங்கினார். மனைவியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “கொஞ்சம் தாழ்ப்பாள் போட்டுக்கங்க. எழுந்து போயிடப் போறா” என்று சொல்லிவிட்டு அவசரமாகப் படியிறங்கினார்.

அவள் தாழ்ப்பாள் போட்டாள், அவர் சொன்னதற்காக அல்ல. கையுறையைக் கழற்றிவிட்டு, முக்காலியை அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, இப்ப அவர் இல்ல. பயப்படாம சொல்லுங்க. இதை நீங்களா கேட்டுக் குத்திக்கிட்டீங்களா?”

“நான்தான் கேட்டேனாம்.”

“கேட்டேனாம்னா? அப்படிச் சொல்லணும்னு அவர் சொல்லிக் கொடுத்தாரா?”

அந்த அம்மா யோசித்தாள். “ஒரு பேப்பர் காட்டினாரு. என் கையெழுத்துதான் இருந்துச்சு.”

எழுதி வேறு வாங்கியிருக்கிறார். கூட்டாளி எதையும் விசாரிக்காமல் ஊசியை எடுத்திருக்கிறானே என்று பச்சை குத்துகிறவளுக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. தன் கடை ஊசி, தன் கடை மை.

“உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா? இல்லன்னா நான் உதவிக்கு ஆளைக் கூப்பிடறேன். நீங்க அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம்.”

அதற்குள் படியில் காலடிச் சத்தம். ஓடித்தான் வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்குவது கதவுக்கு இந்தப் பக்கமே கேட்டது. “திறங்கம்மா, வாங்கிட்டேன்.”

அவள் திறக்கவில்லை. போனைக் கையில் எடுத்தாள். “பதற்றப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்” என்றாள் மெதுவாக.

அந்த அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கதவைப் பார்த்தபடியே அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தணிந்த குரலில் கேட்டாள்:

“நல்ல மனுஷராத்தான் தெரியறாரு. யாரும்மா அவரு?”